பல் டாக்டர் வாசலில் பச்சைப் புல்

பல் டாக்டர் வாசலில் புல் முளைத்த செய்தி, அவருடைய வீட்டு மாடிக்குப் போய்ச் சேருவதற்கு முன்பே தெரு முழுக்கத் தெரிந்துவிட்டது. முளைத்தது என்று சொல்வதுகூடத் தப்புத்தான். ஒரு வேனில் சுருட்டிக் கொண்டுவந்து, பாய் விரிப்பதுபோல் விரித்து, ஓரங்களில் பசை தடவி ஒட்டிவிட்டுப் போனார்கள். காலையில் வெறும் சிமெண்டுத் தரையாக இருந்த இடம், மத்தியானம் கண் கூசும் பச்சையாக இருந்தது. தண்ணீர் ஊற்ற வேண்டாம், வெட்ட வேண்டாம், வாடாது. அந்தக் கடைசிக் குணம்தான் டாக்டருக்கு மிகவும் பிடித்திருந்தது. அவர் கை பட்ட செடி எதுவும் பிழைத்ததில்லை என்று அவருடைய மனைவியே ஊரெல்லாம் சொல்லி வைத்திருந்தார்.

"பிளாஸ்டிக் புல்லா டாக்டர்?" என்று கேட்டவர்களுக்கெல்லாம் அவர் ஒரே பதிலைத் தயாராக வைத்திருந்தார்.

"ஏன் சார், நீங்க போட்டிருக்கற பல் செட்டு மட்டும் மரத்துல காய்ச்சதா?"

கேட்டவர் பல் செட்டை மூடிக்கொண்டு போய்விடுவார்.

புல்லுக்குக் காரணம் எதிர்வரிசையில் இருந்தது. அங்கே புதிதாக ஒரு பல் கிளினிக் திறந்திருந்தார்கள். கண்ணாடிக் கதவு, உள்ளே மீன் தொட்டி, தொட்டிக்குப் பக்கத்தில் காப்பி மெஷின். மீனைப் பார்த்துக்கொண்டே காப்பி குடித்துவிட்டு, கையோடு கையாக ஒரு பல்லையும் பிடுங்கிக்கொண்டு வரலாம். நம்முடைய டாக்டரிடம் இருந்தது ஒரு பழைய நாற்காலியும் ஒரு பெயரும்தான். 'அவர் கை பட்டா வலி தெரியாது, அவர் வாயில பொய் வராது' என்று தெருவில் பேச்சு. ஆடாத பல்லை ஆடுகிறது என்று சொல்லிப் பிடுங்க மாட்டார். அந்தப் பெயரை வைத்துத்தான் அவர் மீன் தொட்டியோடு மல்லுக்கு நின்றுகொண்டிருந்தார். அது போனால் நாற்காலியையும் கட்டிக்கொண்டு கிளம்ப வேண்டியதுதான் என்பது அவருக்கே தெரியும்.

ஆகவே வாசலில் புல்லைப் போட்டு, பிரம்பு நாற்காலிகளைப் போட்டு, டோக்கன் கொடுக்கும் பெண்ணின் மேஜையையும் வெளியே கொண்டுவந்து போட்டார். தோட்டத்தில் உட்கார்ந்து காத்திருக்கலாம் என்பது ஏற்பாடு. காலுக்கு மெத்தென்று இருக்கட்டும் என்று, புல்லை ஒட்டும்போதே அதற்கு அடியில் கிளினிக்கின் பழைய சோஃபாவைக் கிழித்து அதன் பஞ்சை வேறு பரப்பச் சொல்லியிருந்தார். தூக்கிப் போட மனசு வராமல் மாடிப்படிக்கு அடியில் வெகுநாளாகக் கிடந்த சோஃபா. அதற்கும் ஒரு விமோசனம் கிடைத்தது என்று அவருக்குச் சந்தோஷம்.

நாய்க்கும் சந்தோஷம்.

நாய் மாமியாருடையது. வீடும் மாமியாருடையது. இந்த இரண்டாவது விஷயத்தால் முதல் விஷயத்தைப் பற்றி டாக்டர் வாயே திறப்பதில்லை. குட்டைக் கால், தொங்கும் வயிறு, தெருவில் ஒரு கம்பம் பாக்கியில்லாமல் நின்று பார்வையிட்டுவிட்டுப் போகும் நடை. தெருக்காரர்கள் நாங்கள் எல்லோரும் அதற்கு 'மேனேஜர்' என்று பெயர் வைத்திருந்தோம். மாமியார் மட்டும் 'தம்பி' என்பார். இத்தனை காலம் தெருக்கோடி வரை நடந்து போய்விட்டு வந்த மேனேஜருக்கு, வாசலிலேயே புல்வெளி வந்த பிறகு அவ்வளவு தூரம் நடக்க என்ன தலையெழுத்தா? காலையில் படியிறங்கும், காலைத் தூக்கும், வந்த வழியே மேலே ஏறிவிடும்.

"அத்தை, தம்பியைக் கொஞ்சம் அந்தப் பக்கம் கூட்டிட்டுப் போனா..." என்று டாக்டர் ஒருநாள் மென்று விழுங்கிச் சொல்லிப் பார்த்தார்.

"ஏன், என்ன ஆச்சு?"

"இல்ல, புல்லு..."

"தம்பி அந்த மாதிரியெல்லாம் பண்ண மாட்டான் மாப்பிள்ளை. உங்க பேஷண்ட் யாராவது இருக்கும். ஊசியைப் பாத்தா சில பேருக்கு அடக்க முடியாது."

டாக்டரே சுத்தம் செய்ய இறங்கினார். இங்கேதான் அவர் புத்தி பல் டாக்டர் புத்தியாக வேலை செய்தது. மருந்துக் கம்பெனிக்காரர்கள் இலவசமாகக் கொடுத்துவிட்டுப் போகிற வாய் கொப்பளிக்கும் மருந்து அலமாரி நிறைய இருந்தது. மனுஷன் வாயையே மணக்க வைக்கிற மருந்துக்கு நாய் எம்மாத்திரம் என்று ஒரு பாட்டிலைத் திறந்து கவிழ்த்தார். புதினா வாசனை. நிறமும் பச்சை, புல்லுக்குப் பொருத்தம். பிரஷ் போட்டுத் தேய்த்தார். அதிலும் பல் தேய்க்கிற மாதிரி, மேலிருந்து கீழாக, வட்டம் வட்டமாக.

மறுநாள் படியிறங்கிய மேனேஜர் மூக்கைச் சுருக்கியது. தன் இடத்தில் வேறு எவனோ வந்து போயிருக்கிறான் என்று அதற்குப் பட்டிருக்க வேண்டும். வழக்கத்தைவிட அதிக நேரம் நின்று, தன் உரிமையை நிலைநாட்டிவிட்டுப் போனது. டாக்டர் இன்னொரு பாட்டிலைக் கவிழ்த்தார். அது மறுபடியும் நிலைநாட்டியது. இப்படியே ஒருவர் மாற்றி ஒருவர் விட்டுக்கொடுக்காமல் நடத்தியதில், வெயில் ஏறும் நேரத்துக்கு அந்த வாசலில் ஒரு வாடை கிளம்ப ஆரம்பித்தது.

அது வெறும் நாய் வாடையாக இருந்திருந்தால் யாருக்கும் சந்தேகம் வந்திருக்காது. மேலே புதினா, அடியில் பழசாகிப் போன ஏதோ ஒன்று. ராத்திரி பல் தேய்க்காமல் படுத்தவன், காலையில் ஒரு புதினா மிட்டாயை வாயில் அடக்கிக்கொண்டு பஸ்ஸில் நம் பக்கத்தில் உட்கார்ந்தால் எப்படி இருக்குமோ, அச்சு அசல் அது.

முதலில் மாட்டியவர் கணக்கு வாத்தியார். கடைவாய்ப் பல்லைக் காட்ட வந்தவர், பிரம்பு நாற்காலியில் கொஞ்ச நேரம் உட்கார்ந்துவிட்டு உள்ளே வந்தபோது கையை வாய்க்கு முன்னால் வைத்துக்கொண்டிருந்தார்.

"டாக்டர், பல்லு கிடக்கட்டும். வாயில ஒரு வாடை வருது. எனக்கே தெரியுதுன்னா பாத்துக்குங்க. மொத்தமா ஒரு தடவை சுத்தம் பண்ணி விட்ருங்க."

டாக்டர் எட்டிப் பார்த்தார். வாய் சுத்தமாகத்தான் இருந்தது. "அப்படி ஒண்ணும் இல்லையே சார்" என்று சொல்லவும் செய்தார்.

"மறைக்காதீங்க. இத்தனை வருஷம் பசங்க முதல் பெஞ்சுல உக்கார மாட்டேன்னு அடம் பிடிச்சது ஏன்னு எனக்கு இப்பதான் புரியுது."

அவரைத் தொடர்ந்து துணிக்கடைக்காரரும் அவர் மனைவியும். ஆளுக்கொரு நாற்காலியில் உட்கார்ந்து, ஆளுக்கொரு பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டிருந்தார்கள். உள்ளே வந்ததும், "இவருக்கு முதல்ல பாருங்க டாக்டர்" என்றார் அந்த அம்மா. "இவளுக்குப் பாருங்க, அப்புறம் எனக்குத் தேவையே இருக்காது" என்றார் அவர். டாக்டர் இரண்டு பேருக்கும் பார்த்தார். இப்படி ஆட்கள் வர வர, கூட்டம் சேர்ந்தது. பல் வலி என்று வந்தவனும் சுத்தம் செய்துகொண்டான். பல் வலிக்காரனுக்குத் துணையாக வந்தவனும் செய்துகொண்டான். எதிர்க் கிளினிக்கில் மீன்கள் மட்டும் தங்களுக்குள் வாயைத் திறந்து திறந்து மூடிக்கொண்டிருந்தன.

இதில் ஒரேயொருத்தி மட்டும் வாயைத் திறக்காமல் போனாள். டோக்கன் கொடுக்கும் பெண்.

அவளைப் பற்றிச் சொல்ல வேண்டும். டோக்கன் நம்பரை அவள் கூப்பிட்டால் அடுத்த தெருவில் இருப்பவன் எழுந்து நிற்பான். அவள் சிரித்தால் உள்ளே டாக்டர் கையிலிருக்கும் கருவி ஒரு நிமிஷம் நிற்கும். அப்படிப்பட்டவளுக்குக் கல்யாணம் பேசி முடித்திருந்தார்கள். பையன் கொஞ்சம் வாய் செத்தவன். இவள் பேசுவதைக் கேட்டுத்தான் அவனுக்குப் பிடித்துப் போனது என்று கேள்வி. ஃபோனில் மணிக்கணக்காக இவள் பேசுவாள், அவன் 'ம்' கொட்டுவான்.

நாள் முழுக்க அந்தப் புல்லின்மேல் உட்கார்ந்திருந்தவள் அவள்தான். சில நாளில் அவள் குரல் இறங்கியது. அப்புறம் விரலால் நம்பர் காட்ட ஆரம்பித்தாள். அப்புறம் ஒரு முகக்கவசம் வந்தது. "சளி சார்" என்றாள், அதையும் சுவரைப் பார்த்துக்கொண்டு. டாக்டர் நம்பிவிட்டார். வேலை தலைக்குமேல் கிடந்தது.

ஒரு மத்தியானம், ஆள் இல்லாத நேரத்தில், காற்று வாங்கலாம் என்று அவரே பிரம்பு நாற்காலியில் வந்து உட்கார்ந்தார். கொஞ்ச நேரத்தில் அவர் கை தானாக வாய்க்கு முன்னால் போனது. ஊதி முகர்ந்து பார்த்தார். திடுக்கிட்டு உள்ளே ஓடிப் பல் தேய்த்தார், நாக்கை வழித்தார், கொப்பளித்தார். திரும்பி வந்து உட்கார்ந்தார். மறுபடியும் அதே வாடை. அப்போதுதான் மெல்லக் குனிந்து, மூக்கைப் புல்லுக்குப் பக்கத்தில் கொண்டுபோனார்.

அந்த நிமிஷமே எழுந்து குழாயைத் திறந்திருந்தால் அவரை யாரும் ஒரு குறை சொல்ல முடியாது. நிமிர்ந்தவர் கண்ணில் எதிர்க் கிளினிக் பட்டது. அங்கே அந்தச் சின்ன வயசு டாக்டர், வேறு வேலையில்லாமல், தானே மீனுக்கு இரை போட்டுக்கொண்டிருந்தார். நம்முடையவர் எழுந்தார், கால்சட்டையைத் தட்டிவிட்டுக்கொண்டார், உள்ளே போய்விட்டார்.

மனசுக்கு ஒரு சமாதானம் வேண்டுமே! நான் யாரிடமும் பொய் சொல்லவில்லை, என்று சொல்லிக்கொண்டார். சுத்தம் செய்யச் சொல்கிறார்கள், செய்கிறேன். பல்லைச் சுத்தம் செய்வது எந்த ஊரில் கெடுதல்? இப்படி யோசிக்க ஆரம்பித்த பிறகு வாய் மருந்து ஊற்றுவதையும் நிறுத்திவிட்டார் என்று நினைக்காதீர்கள். அதை மட்டும் தவறாமல் ஊற்றினார். புதினா இல்லாவிட்டால் குட்டு வெளிப்பட்டுவிடும் அல்லவா?

அவர் மனைவி மூக்கு லேசுப்பட்டதல்ல. ஒருநாள் மாலை வேலையிலிருந்து திரும்பியவர், செருப்பைக் கழற்றிவிட்டுப் புல்லில் கால் வைத்தார். குதிகாலுக்கு அடியில் சளக் என்றது. இன்னொரு அடி. சளக்.

"ஏங்க, இங்க வாங்க. இதுக்கு அடியில என்ன வச்சீங்க?"

"பஞ்சு."

"என்ன பஞ்சு?"

"நம்ம பழைய சோஃபா..."

"நல்லா இருக்கு. நாய் போறது ஒரு சொட்டுகூட வீணாகக் கூடாதுன்னு தொட்டி கட்டி வச்சிருக்கீங்க." இடுப்பில் கை வைத்துக்கொண்டார். "புல்லைப் பிரிச்சு எடுக்கணும். பஞ்சைத் தூக்கி எறியணும். நாய்ச் சாமான் விக்கிற கடையில இதுக்குன்னே ஒரு திரவம் விக்கிறாங்க, நாத்தத்தை மூடி மறைக்காம கரைச்சு எடுக்கறது. அதை ஊத்தி ஊற விட்டுத் தண்ணி அடிக்கணும். எப்போ பண்ணப் போறீங்க?"

"பண்ணலாம். கொஞ்சம் கூட்டம் குறையட்டும்."

"கூட்டம் குறையணும்னாதான் இதைப் பண்ணணும்" என்று சொல்லிவிட்டு அவர் மாடியேறிப் போய்விட்டார்.

வீட்டுக்குள் ஒரு ஆளுக்குத் தெரிந்துபோயிற்று. இனி ராத்திரி தட்டு வைக்கிற சத்தத்திலேயே அது கேட்கும். கேட்டது.

அன்றைக்குச் சாப்பாட்டு மேஜையில் மாமியார்தான் பேச்சை எடுத்தார். "அந்த டோக்கன் பொண்ணுக்குப் பையனைப் பிடிக்கலையாமே? ஃபோன் பண்ணா இவ இப்போ 'ம்'னு சொல்றாளாம். அவனும் 'ம்'னு சொல்றானாம். ரெண்டு பேரும் 'ம்'முனு எவ்வளவு நேரம்தான் சொல்லிட்டு இருப்பாங்க? நேர்ல பாக்கலாம்னு கூப்பிட்டா வரமாட்டேங்கறாளாம். ஞாயித்துக்கிழமை பையன் வீட்டுக்காரங்க வராங்க. உண்டா இல்லையான்னு ரெண்டுல ஒண்ணு கேட்டுட்டுப் போகத்தான்."

டாக்டர் சாதத்தைப் பிசைந்துகொண்டே இருந்தார். அவர் மனைவி அவரைப் பார்க்கவில்லை. பார்த்திருந்தால்கூடப் பரவாயில்லை என்று இருந்தது.

மறுநாள் டாக்டர் கிளினிக்கைப் பூட்டப் போகும் நேரம், டோக்கன் பெண் உள்ளே வந்து, சுவரில் மாட்டியிருந்த பெரிய பல் படத்துக்கு எதிரில் நின்றுகொண்டாள். படத்தோடுதான் பேசினாள்.

"நான் வேலையிலேர்ந்து நின்னுக்கறேன் சார்."

"ஏம்மா, என்ன திடீர்னு? கல்யாணத்துக்கா?"

"கல்யாணமும் வேண்டாம்னு சொல்லிடப் போறேன்."

"அட, என்னம்மா ஆச்சு உனக்கு?"

"எனக்கு ஒரு சீக்கு சார். வாயில. பக்கத்துல யார் வந்து நின்னாலும் மூஞ்சியைத் திருப்பிக்கறாங்க, நான் பாக்கறேன்ல? பல்லை நாலு தடவை தேய்ச்சிட்டேன். கிராம்பு கிராம்பா மென்னு நாக்கெல்லாம் வெந்து கிடக்கு. போகவே மாட்டேங்குது. அவர் பக்கத்துல நான் எப்படிப் போய் உக்காருவேன்?"

"என்கிட்ட காட்டியிருக்கலாமே?"

"தினமும் மூஞ்சியைப் பாக்கற ஆள்கிட்ட எப்படி சார் காட்டறது?" முகக்கவசத்தின் ஓரத்தால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "சரி, அவர்கிட்ட ஃபோன்லயாவது சொல்லிடலாம்னு பாத்தேன். வாயைத் திறந்தாலே பயமா இருக்கு."

"ஃபோன்ல வாடை போகாதும்மா" என்றார் டாக்டர். அவருக்கு வேறு எதுவும் வாயில் வரவில்லை.

"தெரியும் சார். பயத்துக்குத் தெரியல."

அவள் போன பிறகு டாக்டர் நாற்காலியில் உட்கார்ந்தார். நோயாளிகள் படுக்கிற நாற்காலியில். தலைக்குமேல் விளக்கு எரிந்துகொண்டிருந்தது. யாரோ தன் வாய்க்குள் எட்டிப் பார்க்கிற மாதிரி இருந்தது அவருக்கு. சொல்லிவிட்டால் பெயர் போகும். நாய் போனதற்கு ஊரார் பல்லைத் தேய்த்தவன் என்று தெருவே சிரிக்கும். எதிர்க் கிளினிக்காரன் மீன் தொட்டியை இரட்டிப்பாக்குவான். சொல்லாவிட்டால் ஞாயிற்றுக்கிழமை அந்தப் பெண் சுவரைப் பார்த்து 'வேண்டாம்' என்பாள். அப்படியே காதும் காதும் வைத்ததுபோல் புல்லை மாற்றிவிட்டால்? மாற்றலாம். ஆனால் அவள் மனசுக்குள் போய் உட்கார்ந்துவிட்ட வாடைக்கு எந்தக் கடையில் திரவம் விற்கிறது?

சனிக்கிழமை காலை, கூட்டம் சேர்ந்த பிறகு, டாக்டர் வெளியே வந்தார். கால்சட்டையை முழங்கால் வரை மடித்துவிட்டிருந்தார். "எல்லாரும் கொஞ்சம் எந்திரிங்க" என்றார். நாற்காலிகளை ஓரமாகப் போட்டார். மேஜையை அவரும் டோக்கன் பெண்ணுமாக நகர்த்தினார்கள். பிறகு புல்லின் ஒரு மூலையைப் பிடித்து இழுத்தார். பசை டர்ரென்று விட்டது. சுருட்டச் சுருட்ட அடியிலிருந்த பஞ்சு வெளியே வந்தது. ஒருகாலத்தில் வெள்ளையாக இருந்த பஞ்சு. இப்போது அதன் நிறத்தைச் சொன்னால் நீங்கள் சாப்பிட உட்கார மாட்டீர்கள். புதினாத் திரை விலகியதும், நிஜம் எழுந்து நின்றது. கூட்டம் ஒட்டுமொத்தமாகப் பின்னால் போனது.

"நீங்க எல்லாரும் இத்தனை நாளா மோந்தது இதைத்தான்" என்றார் டாக்டர். மூச்சு வாங்கியது. "உங்க யார் வாயிலேயும் ஒண்ணும் கிடையாது. நாய் பண்ணது. அதுமேல வாய் மருந்தை ஊத்தினது நான். எனக்கு இது முன்னாடியே தெரியும். தெரிஞ்சும் சொல்லல."

எதிர்க் கிளினிக்கின் கண்ணாடிக் கதவு லேசாகத் திறந்தது. டாக்டர் தலையைக் குனிந்துகொண்டு, அடி விழக் காத்திருக்கிற பையன் மாதிரி நின்றார்.

கணக்கு வாத்தியார்தான் முதலில் தொண்டையைக் கனைத்தார். "டாக்டர், உங்க பெரிய மனசு யாருக்கும் வராது. எங்க மனசு நோகக் கூடாதுன்னு பழியை நீங்க ஏத்துக்கறீங்க."

"இல்ல சார், நிஜமாவே..."

"என் வாய் எனக்குத் தெரியாதா? நீங்க சுத்தம் பண்ணப்புறம்தான் நான் மனுஷனானேன். என்ன, நாய் மூத்திரத்துக்கும் என் வாய்க்கும் வித்தியாசம் தெரியாத முட்டாளா நான்?"

யாரும் அப்படி இருக்கத் தயாராக இல்லை. தலைகள் அவசர அவசரமாக ஆடின.

"அப்போ இவர் வாய்ல ஒண்ணும் இல்லேங்கறீங்களா?" என்று துணிக்கடைக்காரர் மனைவி முன்னால் வந்தார்.

"ஒண்ணும் இல்லம்மா. சுத்தமா இருந்தது."

"சும்மா இருங்க டாக்டர். கட்டிக்கிட்ட நாள்லேர்ந்து நான் படறது உங்களுக்குத் தெரியுமா?"

மாடியிலிருந்து மாமியார் எட்டிப் பார்த்தார். "தம்பி மேல வீண்பழி போடாதீங்க மாப்பிள்ளை! வாயில்லா ஜீவன்!"

"அதானே, நாய் என்ன பண்ணும் பாவம்" என்று கூட்டம் மாமியார் பக்கம் சேர்ந்துகொண்டது. சம்பந்தப்பட்ட மேனேஜர் அப்போதுதான் படியிறங்கி வந்து, தன் புல்வெளி சுருண்டு கிடப்பதைப் பார்த்து, டாக்டரை ஒரு முறை முறைத்துவிட்டுத் தெருக்கோடியை நோக்கி நடையைக் கட்டியது.

பெயர் போகவில்லை. போகாதது மட்டுமா, இன்னும் ஒரு சுற்று பெருத்தது. டாக்டர் பாவம், தன்மீது காறித் துப்ப ஒருவர்கூட இல்லாமல் நின்றார்.

ஒருத்தி இருந்தாள். டோக்கன் பெண் அந்தப் பஞ்சையே பார்த்துக்கொண்டிருந்தாள். முகக்கவசத்தைக் கீழே இழுத்துவிட்டாள். குனிந்து முகர்ந்தாள். தன் உள்ளங்கையில் ஊதி முகர்ந்தாள். மறுபடி பஞ்சு. மறுபடி உள்ளங்கை.

"எப்போலேர்ந்து சார் உங்களுக்குத் தெரியும்?"

"கொஞ்ச நாளா..."

"கொஞ்ச நாளான்னா? நான் கிராம்பு மெல்றப்போ தெரியுமா? மாஸ்க் போட்டப்போ தெரியுமா?"

"நீ சளின்னு சொன்னேம்மா..."

"நான் சொன்னா நீங்க நம்பிடுவீங்களா? டாக்டர்தானே நீங்க? நேத்து சாயங்காலம் உங்க முன்னாடி நின்னு அழுதேனே, அப்பவாவது அந்த வாயைத் திறந்து சொல்லியிருக்கக் கூடாது? ராத்திரி பூரா தூங்கல சார் நான்!" அடுத்த தெருக்காரன் எழுந்து நிற்கிற அந்தக் குரல் திரும்பி வந்துவிட்டது. "வாயில பொய் வராதாம்! வராம என்ன, பொய்யை மூக்கு வழியா விட்டீங்க!"

டாக்டர் குழாயைத் திறந்தார். அவர் மனைவி மேலேயிருந்து அந்தத் திரவம் இருந்த பாட்டிலைக் கொண்டுவந்து கையில் திணித்தார். என்றைக்கோ வாங்கி வைத்திருக்கிறார். டாக்டர் ஊற்றினார், ஊறவிட்டார், தேய்த்தார். புல்லைச் சுவரில் தலைகீழாகத் தொங்கப் போட்டு, அடிப்பக்கம் முழுக்கத் தண்ணீர் அடித்தார். காத்திருந்தவர்களில் பாதிப் பேர், இன்றைக்கு டாக்டருக்கு நேரமாகும் போல என்று கலைந்தார்கள். மீதிப் பேர் வேடிக்கை பார்த்தார்கள்.

டோக்கன் பெண் மேஜைமேல் ஏறி உட்கார்ந்து ஃபோனை எடுத்திருந்தாள். "ஹலோ, நான்தான். இல்ல, இல்ல, நீங்க பேசாதீங்க, நான் பேசறேன். எங்க டாக்டர் பண்ண கூத்தைக் கேளுங்க..." என்று ஆரம்பித்தவள், நிறுத்தவே இல்லை. சோஃபாவைச் சொன்னாள், மேனேஜரைச் சொன்னாள், கணக்கு வாத்தியாரை நடித்தே காட்டினாள். அந்தப் பக்கம் அவன் என்னவோ சொல்லியிருக்க வேண்டும். 'ம்' இல்லை, அதைவிட நீளமாக ஏதோ. அவள் தலையை அண்ணாந்து, வாயை முழுசாகத் திறந்து சிரித்தாள்.

ஈரத் தரையில் மண்டியிட்டுத் தேய்த்துக்கொண்டிருந்த டாக்டர் நிமிர்ந்து பார்த்தார். வெயில் நேராக அவள் வாய்க்குள் விழுந்தது. மேல் வரிசையில், இடது பக்கம், கடைசிக்கு முந்தைய பல்லில் ஒரு கறுப்புக் குழி. சந்தேகமே இல்லாத சொத்தை. இப்போதே அடைத்தால் பிழைத்துக்கொள்ளும். விட்டால் பிடுங்க வேண்டி வரும்.

டாக்டர் வாயைத் திறந்தார். அவள் ஃபோனைக் காதில் வைத்தபடியே அவரை ஒரு பார்வை பார்த்தாள்.

அவர் வாயை மூடிக்கொண்டு, குனிந்து, மேலிருந்து கீழாக, வட்டம் வட்டமாகத் தரையைத் தேய்க்கத் தொடங்கினார்.